கையிருப்பில் ஒரு மாடு

வண்ணார்பேட்டையில் சங்கத்து ஆபீஸ் வாசலில் கட்டியிருந்த சினைமாடு பொத்தென்று படுத்தபோது, கணக்குப் பார்க்கும் யாசர் உள்ளே கணினியில் அதைக் ‘கையிருப்புச் சரக்கு’ என்ற தலைப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். அது வட்டியில்லாச் சங்கம். யாருக்கும் பணமாகக் கொடுக்காது. கேட்ட பொருளைத் தானே வாங்கி, அடக்கவிலை இன்னது, லாபம் இன்னது என்று சொல்லித் தவணைக்கு விற்கும். நடுவில் பொருள் கொஞ்ச நேரமாவது சங்கத்தின் சொத்தாக இருந்தாக வேண்டும். அந்நேரம் அதற்கு என்ன ஆனாலும் நஷ்டம் சங்கத்துக்குத்தான். அந்தப் பயத்தைச் சுமப்பதால்தான் லாபம் ஹலால் என்று யாசர் எல்லாரிடமும் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறான். சொல்வதில் என்ன கஷ்டம்! தையல் மெஷினும் ஃபிரிட்ஜும் அந்தத் தலைப்பில் பத்து நிமிஷம் தங்கியதில்லை. கையெழுத்து விழுந்ததும் வாங்கியவர் பெயரில் பாக்கியாகப் போய்விடும்.

மாடு வலியில் அலறியது. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. வாங்க வந்திருந்த ஜமீலா பீவி முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் மண்டிபோட்டாள். புருஷன் மவுத்தாகித் தனியாளான பிறகு பால் ஊற்றித்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறாள்; பழைய மாடு போன மாதம் செத்துப்போயிற்று.

மாட்டு டாக்டர் வந்துகொண்டிருந்தார். அதற்குள் சங்கத் தலைவர் தாஜ் முகம்மது போனில் கூப்பிட்டார்.

“லே யாசரு, அந்தம்மா கையெழுத்துப் போட்டாச்சா?”

“இல்ல அண்ணாச்சி. மாடு பொழைக்குமான்னே தெரியல.”

“அதுக்குத்தாம்லே சொல்லுதேன். மொதல்ல கையெழுத்த வாங்கு. ஊரான் துட்டுலே அது!”

அவர் சொன்னதிலும் பொய்யில்லை. பீடி சுற்றுகிறவர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணம். யாசர் போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு வந்தான்.

ஜமீலா பீவி திரும்பினாள். “பேப்பர எடு தம்பி, போட்டுருதேன். எப்படியும் எம் மாடுதான?”

ரத்தம் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினாள். இப்போது வாங்கிக்கொண்டால் ஒரு பயல் கேட்கமாட்டான். தாளும் தயார், பேனாவும் சட்டைப்பையில் இருந்தது.

“இல்ல மாமி,” என்றான். தலைவர் காதிலும் விழட்டும் என்று போனை அணைக்காமலே சொன்னான். “இன்னும் எங்க மாடுதான்.”

பேனாவை டிராயரில் போட்டு மூடிவிட்டு வந்து சட்டைக்கையை மடித்தான். உள்ளே மடங்கிக் கிடந்த மற்றக் காலை அவள் தடவித் தடவி நிமிர்த்தினாள்.

“பைய இழு. அது முக்கும்போது மட்டும்.”

கன்று வழுக்கிக்கொண்டு அவன் மடியில் வந்து விழுந்தது. மாடு கழுத்தைத் தரையில் போட்டபடி அசையாமல் கிடந்தது. தலைவரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. ஜமீலா பீவி முந்தானையால் கன்றின் மூக்கைத் துடைத்தாள். அது தும்மி, மெலிதாகக் கத்தியது.

கிடந்த மாட்டின் ஒரு காது மட்டும் அந்தப் பக்கமாகத் திரும்பியது.