பரளச்சியில் நிமிர்த்திய பஸ்

திம்மையா செட்டியாரின் கரி பஸ்ஸை நினைத்தால் முதலில் அதன் வாசனைதான் வருகிறது. இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஆள் உயர உருளை ஒன்று இருக்கும். அதில் வேலங்கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் எஞ்சினை ஓட்டினோம். அருப்புக்கோட்டையில் வெள்ளை வேட்டியோடு ஏறுகிறவன் பரளச்சியில் சாம்பல் வேட்டியோடு இறங்குவான். இறங்கும்போது சிரிக்கவும் செய்வான். இப்போது எந்த பஸ்ஸிலிருந்தும் யாரும் சிரித்துக்கொண்டு இறங்குவதாகத் தெரியவில்லை.

மதுரை மில்லில் இரவு ஷிப்டை உதறிவிட்டு வந்த எனக்கு அதில் கண்டக்டர் வேலை. டிரைவர் இன்பராஜ். முதலாளி திம்மையா தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். பஸ் வழியில் நின்றால் இரண்டிலும் வசவு.

வசவுக்குக் காரணம் இருந்தது. முன்பு எஞ்சினையே பிரித்து மாட்டுவதற்கு ஆன செலவை இப்போது ஒரு ஸ்பிரிங் பட்டைக்குக் கேட்டார்கள். கொடுக்கிறேன் என்றாலும், கப்பல் வரவில்லை, அடுத்த மாதம் வா என்பார்கள். திம்மையா நம்பியிருந்தது இன்சூரன்ஸை மட்டும்தான். பெரிதாக ஏதாவது ஆனால் அது வர வேண்டும். வராவிட்டால் பஸ் இல்லை.

பெரிதாக ஆனது ஒரு புரட்டாசியில். பரளச்சி எல்லையில் ஆட்டுக்கிடை ரோட்டைக் கடந்தது. இன்பராஜ் ஸ்டியரிங்கை ஒடித்தான். ஈரக் கரிசல் டயரைப் பிடித்து இழுத்து, பஸ்ஸை ஓடைக்குள் சாய்த்துவிட்டது. ஏறியிருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பஸ்ஸுக்கு முன் ஸ்பிரிங் முறிந்தது, அச்சு வளைந்தது, மட்கார்டு அப்பளமாக நொறுங்கியது.

அது பரளச்சிச் சம்சாரி பெத்தம்மாளின் புஞ்சையை ஒட்டிய ஓடை. "வண்டியப் பாத்துக்கோங்கம்மா, கம்பெனி ஆளோட வாரோம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, திம்மையா எங்கள் இருவரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார்.

நாலு நாள் கழித்து இன்சூரன்ஸ்காரரோடு திரும்பி வந்தபோது பஸ் ஓடையில் இல்லை. ரோட்டில் நின்றது. நிமிர்ந்து, கழுவி, நெற்றியில் மஞ்சள் பூசி, வேப்பங்குலை கட்டி.

"என்னக்கா இது?" என்றான் இன்பராஜ்.

"பின்ன? வெதப்பு நேரத்துல கவுந்த வண்டி எல்லைக்குள்ள கெடக்கலாமாலே? மழ பொய்ச்சுப் போயிராது? ஊரு மாடு பூராம் பூட்டி இழுத்தோம்." பெத்தம்மாள் பஸ்ஸைத் தட்டிக் காட்டினாள். "நம்மூரு அருஞ்சுனை ஆசாரி கொல்லொலையத் தூக்கிட்டு வந்து இங்கனயே கெடந்தாக. மாட்டு வண்டிப் பட்டைய அடிச்சு ஸ்பிரிங்கு போட்டுருக்காக. ஒரு சல்லி தொடல."

அருஞ்சுனை ஆசாரி மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்கத் தெரியாத முகம் அவருக்கு.

இன்சூரன்ஸ்காரர் பஸ்ஸைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். "சேதம் எங்கய்யா?"

இன்பராஜ் திம்மையாவின் காதோரம் போனான். "முதலாளி, திரும்ப ஓடைக்குள்ள தள்ளிருவமா?"

"பல்லு பேந்துரும்" என்றார் திம்மையா.

"நிக்கிற வண்டிக்கு நான் என்னத்த எழுத? ஓட்டிக் காட்டுங்க, பாப்போம்" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

கரி போட்டு, நான் உருளையின் காற்று விசிறியைச் சுற்றி, எஞ்சின் பிடித்ததும் ஊரே கை தட்டியது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தோம். ஸ்டியரிங்கை இன்பராஜ் இரண்டு கையாலும் வலப்பக்கம் இழுத்துப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். பட்டை இரும்பு வளைந்து கொடுக்கவில்லை. பள்ளத்தில் விழுந்தால் கல்லாகத் தூக்கி அடித்தது.

"எப்படி இருக்கு?" திம்மையா எல்லோரும் கேட்கத்தான் கேட்டார்.

இன்பராஜ் தரையைப் பார்த்தான். "எடப்பக்கம் இழுக்குது முதலாளி. ஆள ஏத்துனா ஒரு நா கவுத்திரும்."

இன்சூரன்ஸ்காரர் பேனாவைத் திறந்தார். "இந்த வேலை உதவாது, எல்லாத்தையும் கழட்டிப் போட்டுப் புதுசா மாத்தணும்னு ஓனர் வாயால சொல்லணும். சொன்னா எழுதுறேன்."

திம்மையா ஆசாரியைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். பிறகு இன்சூரன்ஸ்காரரைப் பார்த்துச் சொன்னார்: "ஆசாரி வேலை உதவாது. எல்லாத்தையும் கழட்டணும்."

ஆசாரி மட்கார்டிலிருந்து கையை எடுத்தார்.

"ஏஞ் செட்டியாரே, எங்க மாடு இழுத்த கயித்தயும் வேண்டாம்னு எழுதச் சொல்லுமே" என்றாள் பெத்தம்மாள். கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் வேப்பங்குலையை ஒருத்தி அவிழ்த்துக்கொண்டு போனாள்.

கம்பெனி இழுத்தடித்தது, பிடித்தம் போட்டது, ஆனாலும் பணம் கொடுத்தது. மதுரைச் சாமான் மாட்டி, தை பிறக்கும் முன் பஸ் மறுபடி ஓடியது. மற்ற ஊர்களில் கூட்டம் இடித்தது. பரளச்சியில் ஒருவரும் ஏறவில்லை. பருத்தி மூட்டையோடு ரோட்டோரம் நடந்துகொண்டிருந்த பெத்தம்மாளுக்குப் பக்கத்தில் இன்பராஜ் ஒருநாள் வேகத்தைக் குறைத்தான்.

"ஏறுக்கா. டிக்கெட்டு வேண்டாம்."

"நீ போலே. ஒசத்திச் சாமான் போட்ட வண்டி, எங்க அழுக்குப் பட்டுறப் போகுது."

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்பராஜுக்குத் தாங்கவில்லை.

திம்மையா சொன்னது பொய்யில்லை. அந்த ஸ்பிரிங்கோடு ஓட்டியிருந்தால் யாராவது செத்திருப்பார்கள். எத்தனை முறை யோசித்தாலும் அவர் வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆசாரியிடம் முதலில் தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு அங்கே நேரம் இருக்கவில்லை.

"யாரும் ஏறாத ஊர்ல எதுக்கு முதலாளி நிப்பாட்டணும்? கரி வீணாப் போகுது" என்று நான் கேட்டதுண்டு.

"நிப்பாட்டு" என்பார்.

நிறுத்துவோம். புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். பின்னால் உருளை புகையும். மூட்டை முடிச்சோடு நாலு பேர் ஏறி உட்காருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு, நான் ரைட் சொல்வேன்.