யோர்கனின் செத்துப்போன அம்மா

பாடகன் யோர்கனுக்குக் குரல் போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அது வெளியே தெரியாமலிருக்க அவன் கண்டுபிடித்த வழி, அழவைப்பது. பதினோரு கோடைகளாக ஸ்வீடனில் எந்த ஊர்ப் பூங்கா மேடையில் ஏறினாலும், கடைசிப் பாட்டுக்கு முன்னால் மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொள்வான்.

"இந்தப் பாட்ட எழுதின அன்னிக்குத்தான் எங்கம்மா என் மடியில தலவச்சு கண்ண மூடினாங்க."

பெஞ்சுகளில் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்கும். பாட்டை எழுதியது அவனில்லை. அம்மாவும் சாகவில்லை.

கீபோர்டு வாசிக்கும் குன்வோருக்கு இரண்டுமே தெரியும். அம்மா சாகும் இடத்தில் அடியில் சோகமாக இசை கொடுப்பது அவள் வேலை. யோர்கனின் வெளுப்பேற்றிய பல்லைப் பார்த்தாலே அவளுக்கு அருவருப்பாக இருக்கும். சம்பளத்துக்காக அந்தப் பொய்க்கு வாசிக்கும் தன் விரல்களைப் பார்த்தால் இன்னும் அதிகமாக.

ஸ்காரா என்ற ஊரின் பூங்காவில் ஒரு ஞாயிறு மதியம், முதியோர் இல்லத்துப் பஸ் வந்து நின்றது. முன் வரிசையில் உட்காரவைத்தவர்களில் ஒருத்தி ஆல்வா, யோர்கனின் அம்மா. அவன் பெயரில் அவளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசுக்கூடையை வருஷா வருஷம் கொண்டுபோய்க் கொடுப்பவளே குன்வோர்தான். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

இடைவேளையில் அவனிடம் போனாள். "உங்கம்மா முன்னாடி உக்காந்திருக்காங்க. இன்னிக்கு அந்தக் கதைய விட்டுடு."

யோர்கன் சீப்பைக் கீழே வைக்கவில்லை. "அவங்களுக்குக் காது மந்தம். ஜனங்க அழத்தானே வந்திருக்காங்க? நீ உன் வேலையப் பாரு."

சொன்னபடியே மேடையில் கதை சொல்லி அம்மாவைக் கொன்றான். குன்வோர் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இசை இல்லாமல் அந்தப் பொய் மொட்டையாக நின்றது. ஒவ்வொரு வார்த்தையும் முன் வரிசை வரை தெளிவாகக் கேட்டது.

ஆல்வா நடைவண்டியைப் பிடித்து எழுந்தாள்.

"டேய் யோர்கன்! மடியிலயா? மூணு வருஷமா வந்து எட்டிப் பாக்காதவனுக்கு மடி எங்கேருந்துடா வந்துச்சு?"

எவனோ சிரித்தான். ஆனால் யோர்கன் அதற்குள் கீழே குதித்து, அம்மா காலடியில் மண்டியிட்டுவிட்டான். "அம்மா! என்னை மன்னிச்சிடும்மா!" கைபேசிகள் உயர்ந்தன. சற்றுமுன் ஏமாந்தோம் என்று தெரிந்துகொண்ட அதே கூட்டம், விம்மி விம்மிக் கைதட்டியது.

"கைய எடுடா, பிசுபிசுங்குது" என்றாள் ஆல்வா. அது யார் காதிலும் விழவில்லை.

குன்வோர் வயர்களைப் பிடுங்கிச் சுருட்டினாள். அன்றோடு அவனிடமிருந்து விலகி, ஸ்காராவிலேயே தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்தாள்.

அடுத்த கோடையில் ஊரெல்லாம் சுவரொட்டி: 'அம்மாவும் மகனும்'. ஆல்வா வரமாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டதால், ஓய்வுபெற்ற நாடக நடிகை ஒருத்தியை அம்மாவாக்கி மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தான்.

குன்வோர் ஒரு சுவரொட்டியை ஆல்வாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். கிழவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"கூட்டம் வருதா?"

"முன்னவிட அதிகமாவே வருதும்மா."

"வருவாங்க, வராம என்ன" என்று சுவரொட்டியைத் தள்ளிவிட்டு, காப்பிக்கு இன்னொரு இலவங்கப்பட்டை ரொட்டியை எடுத்துக்கொண்டாள் ஆல்வா.