அடியில் இருந்த முகம்

சலூன்காரரின் முகத்துக்கு அடியிலிருந்து அவர் மனைவியுடைய முதல் கணவரின் முகம் மேலே வரத் தொடங்கியது, மழை ஓய்ந்த மாதத்தில். முதலில் கவனித்தது வாடிக்கையாளர்கள்தான். சவரத்துக்கு உட்கார்ந்திருந்த தபால்காரர் கண்ணாடியில் பார்த்து, "என்னண்ணே, மூக்கு ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி இருக்கே" என்றார். தூக்கம் போதவில்லை என்றார் சலூன்காரர். மறுவாரம் அவர் மோவாயில் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் கம்பத்தில் மின்சாரம் தாக்கி இறந்துபோன லைன்மேனுடையது அது.

சலூன்காரரின் மனைவி அருங்காட்சியகத்தில் பழங்காசுகளைப் பட்டியலிடுபவள். கழுத்தில் எப்போதும் பூதக்கண்ணாடி தொங்குவதால் அங்கே எல்லோருக்கும் அவள் லென்ஸம்மா. அப்போது அவள் மேஜையில் இருந்தவை வாய்க்கால் வெட்டும்போது ஒரு பானையில் கிடைத்த காசுகள். ஒரு ராஜா இன்னொரு ராஜாவை ஜெயித்ததும், தோற்றவனின் காசை உருக்கிக்கொண்டிருக்கப் பொறுமையில்லாமல், அதன் மேலேயே தன் முகத்தை அடித்துவிட்டிருந்தான். லென்ஸம்மா ஒவ்வொன்றையும் விளக்கின் கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். ஜெயித்தவனின் கன்னத்துக்குள் தோற்றவனின் மூக்கு தெரியும். தாடிக்குள் ஒரு காது கிடக்கும். சிலதில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கண். மேலச்சு இன்னார், அடியச்சு இன்னார் என்று பிரித்து எழுதுவதுதான் அவள் உத்தியோகம். ஆகவே சாப்பாட்டு மேஜைக்கு எதிரே அந்தப் பள்ளத்தைப் பார்த்தபோது அவள் கத்தவில்லை. விளக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்தாள்.

"எதனால இப்படி வருது?" என்று கேட்டார் சலூன்காரர்.

"காசுல, ரெண்டாவது அடி அழுத்தமா விழலைன்னா பழசு மேல வரும்."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என் அடி சரியா விழலை."

"நான் காசைச் சொன்னேங்க" என்றாள். ஆனாலும் வாயை விட்டுப் போனது போனதுதான்.

ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. மின்வாரியத்துப் பழைய சகாக்கள் வந்து முடி வெட்டிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருத்தர், லைன்மேன் இரவல் வாங்கிய குறடு என்ன ஆயிற்று என்று நாசூக்காக விசாரித்தார். பிறகு வந்தவர் லைன்மேனின் அம்மா. மருமகள் மறுகல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அந்தத் தம்பதியைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறவர், ஆண்களைத் தவிர யாரும் ஏறியிராத சலூன் படியேறி, பழைய பத்திரிகைகள் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சலூன்காரர் டீ சொன்னார். ஃபேனை அவர் பக்கம் திருப்பினார். அந்த அம்மாள் சலூன்காரரின் மோவாயிலிருந்து கண்ணை எடுக்காமல் டீயைக் குடித்தார். மறுநாளும் வந்தார். அப்புறம் தினமும். எந்த வாடிக்கையாளர் வழுக்கையை மறைக்க எந்தப் பக்கம் சீவுகிறார் என்று சலூன்காரர் குசுகுசுப்பார். ஒருநாள் அந்த அம்மாள் சிரித்தேவிட்டார்.

வெயில்காலம் தொடங்கியபோது அந்த அம்மாள் கேட்டார். "தப்பா எடுத்துக்காதே தம்பி. நீ கொஞ்சம் விட்டுக் கொடுத்தீன்னா அவன் முழுசா வந்துருவான்."

"பாக்கறேம்மா" என்றார் சலூன்காரர். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். கத்தரியோடு சேர்ந்து பாட்டு முணுமுணுப்பதை விட்டார். வகிட்டை மாற்றினார். டிரங்குப் பெட்டியிலிருந்த லைன்மேனின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அவருடைய சொந்தக் கன்னங்கள் நாளுக்கு நாள் தேய்ந்தன.

"யாரைக் கேட்டு இதெல்லாம் செய்யறீங்க?" என்றாள் லென்ஸம்மா.

"உனக்கும் அதுதானே வேணும்?"

இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொல் வரவில்லை, ஒரு மூச்சு நேரம். விடிந்தபோது பக்கத்தில் படுத்திருந்தது முழு லைன்மேன். எழுந்து, சலூன் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அவள் எங்கே போவது என்று தெரியாமல் வேலைக்குப் போனாள்.

செய்தி கேட்டு லைன்மேனின் அம்மா சலூனுக்கு ஓடினார். சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடி வழியே பார்த்தார். "இங்க எதுக்கு வந்தே? வீட்ல சும்மா கிடக்க மாட்டியா?"

அதே குரல். வளர்ந்த நாளிலிருந்து அவன் அம்மாவிடம் பேசிய ஒரே குரல் அது. சாவு வந்து அதையெல்லாம் அந்த அம்மாளின் ஞாபகத்திலிருந்து கழுவிவிட்டிருந்தது. மகன் அல்லவா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நேரே அருங்காட்சியகத்துக்கு நடந்து, காவலாளியைத் தள்ளிக்கொண்டு, காசு அறைக்குள் வந்தார்.

"அந்தத் தம்பியை வரச் சொல்லு" என்றார். "எனக்கு டீ சொல்லுமே, அந்தத் தம்பியை."

லென்ஸம்மா பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த அம்மாளையும் கூட்டிக்கொண்டு சலூனுக்குப் போனாள். லைன்மேன் தலையை அண்ணாந்து தெருவிலிருந்து கடைக்கு வரும் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அவளுக்குப் பிடிக்கும். கல்யாணமான புதிதில் மொட்டைமாடிக்கு அவளைக் கூட்டிப்போய், எந்தக் கம்பி எந்தத் தெருவுக்கு வெளிச்சம் கொண்டுபோகிறது என்று காட்டியவர் அவர். பக்கத்தில் போய் அந்த மோவாயைத் தொட்டாள். அவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் எல்லா மனைவிகளையும் போல "போயிட்டு வாங்க" என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள். கடைசி நாளன்றும் அதைத்தான் சொன்னாள். சொன்ன பேச்சைக் கேட்டு அவரும் வந்துவிட்டார்.

"போங்க" என்றாள் லென்ஸம்மா.

அவர் அவளைப் பார்த்தார். மிச்சச் சொல்லுக்காகக் காத்திருந்தார்.

"அவ்வளவுதான். போங்க."

மூக்கு மெல்ல நிமிர்ந்தது. பள்ளம் நிரம்பியது. அன்று மாலைக்குள் சலூன்காரர் திரும்பி வந்து, காக்கிச் சட்டை கழுத்தைக் கடிக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். லென்ஸம்மா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. பெஞ்சில் இருந்த அம்மாள் மட்டும் மகனுக்கு அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. அதனாலோ என்னவோ, இடது கண்ணும் புருவமும் லைன்மேனுடையதாகவே தங்கிவிட்டன. அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. டீ வரும்வரை அந்த அம்மாள் இடது பக்கமாக உட்காருவார், வந்ததும் வலது பக்கத்துக்கு மாறிக்கொள்வார்.

இப்படியே வருஷங்கள் போயின. பானைக் காசுகள் முடிந்து வேறு காசுகள் வந்தன. ஒரு காலையில், பள்ளி வாத்தியாருக்குப் பாதி முடி வெட்டியிருக்கையில், சலூன்காரரின் இடது கண் மட்டும் அழத் தொடங்கியது. வலது கண் உலர்ந்தே இருந்தது. அந்த அம்மாள் அன்று பெஞ்சுக்கு வந்திருக்கவில்லை. அவர் வீட்டிலிருந்து செய்தி கொண்டுவரவும் அதுவரை யாரும் வந்திருக்கவில்லை. வாத்தியார் தன் மேலிருந்த துண்டை உருவிக் கொடுத்தார். சலூன்காரர் அந்தக் கண்ணை அது அழுது முடிக்கும்வரை ஒற்றி எடுத்துவிட்டு, மீதிப் பாதியை வெட்டி முடித்து, கடையைச் சாத்தினார்.