நூற்றுக்கு எழுபது பச்சை

கலைவாணியின் ஆறு மாதத் தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முடிகிறது. அதற்குள் பதினேழாம் எண் சோதனை பச்சை காட்டினால் வேலை நிரந்தரம். சிவப்பு காட்டினால், மேலாளர் பிரபாகரனின் வார்த்தைகளில், "வேறு சிகரங்களை நோக்கிப் பயணிக்கலாம்."

மீனவக் கிராமமான தோணிரேவில், சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து அவள் சோதிப்பது ஒரு டீபக்கரை. ஓடும் புரோகிராமைப் பாதியில் நிறுத்தி, பிழை எங்கே என்று பார்க்க உதவும் மென்பொருள் அது. நிறுத்தக் குறித்த இடம் பிரேக்பாயிண்ட். புரோகிராமுக்குள் பல த்ரெட்கள், அதாவது தனித்தனி வேலைச் சரடுகள், ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று பிரேக்பாயிண்டைத் தொட்டால் அத்தனையும் நிற்க வேண்டும். போன பதிப்பில் நின்றவை புதிய பதிப்பிலும் நிற்கின்றனவா என்று பார்ப்பதே பதினேழாம் எண்.

நூறு முறை ஓட்டினால் எழுபது முறை எல்லாம் நின்றன. முப்பது முறை ஏதோ ஒன்று தன்பாட்டுக்கு ஓடியது. எதுவென்று பார்க்க டீபக்கரில் ஒரு வரி சேர்த்தாள். நூறும் பச்சை. வரியை எடுத்தாள். மறுபடி சிவப்பு.

"பாத்தா நிக்குது, பாக்கலன்னா ஓடுதும்மா."

"உங்க நைனா மாதிரினு சொல்லு," என்றாள் அம்மா ஜெயம்மா, கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி.

பிரபாகரனுக்குக் குழப்பமே இல்லை. "பச்சை வந்த ரிப்போர்ட்டை அனுப்பும்மா. தரம்ங்கிறது ஒரு மனநிலை," என்றார் போனில்.

வெள்ளி மதியம் கீழே கூச்சல் கேட்டு இறங்கி வந்தாள். அன்று ஊரில் ஒரு சாவு. அடக்கம் முடியும்வரை எந்தப் படகும் இறங்கக் கூடாது. ஊர்த் தலைவர் கங்காதரன் தம் பட்டங்களை முதலில் மைக்கில் சொல்லிவிட்டு, படகுக்காரர் பட்டியலைப் பெயர் பெயராக வாசித்து அவர்களை நிறுத்தியிருந்தார். ஆனாலும் அடுத்த வீட்டு சுரேஷ் கூடை நிறைய இறாலுடன் கரையேறினான்.

"இன்னாடா, காது செவுடா?" என்றார் தலைவர்.

"நல்லா கேட்டன் தலைவரே. இருபத்திரண்டு பேரு வாசிச்சீங்க. எம் பேரு வர்ல. வர்லன்னா எனக்கு இல்லனுதான அர்த்தம்?"

"பட்டியல் எடுக்கும்போது உனக்குப் படகே இல்லியேடா!"

"நீங்க வாசிச்சிக்கினு இருக்கும்போதுதான் புதுப் படக எறக்கினன். நடுவுல ஒருவாட்டி தலய தூக்கி கரையப் பாத்திருக்கலாமே."

கலைவாணி மாடிக்கு ஓடினாள். டீபக்கரும் பட்டியல் எடுத்துத்தான் ஒவ்வொரு த்ரெட்டாக நிறுத்துகிறது. வாசிக்கும் நேரத்தில் பிறந்த த்ரெட் பட்டியலில் இல்லை, அதுதான் ஓடுகிறது. அவள் சேர்த்த வரி டீபக்கரைத் தாமதப்படுத்தியதால், பட்டியல் எடுப்பதற்குள் எல்லாம் பிறந்துவிட்டன. பட்டியல் வாசிக்கும்போதெல்லாம் ஒரு த்ரெட் பிறக்கும்படி சோதனையை மாற்றினாள். நூற்றுக்கு நூறு சிவப்பு. ஆறு மாதத்தில் முதல் முறையாக அவளுக்கு ஏதோ புரிந்தது. நாலரைக்கு வீடியோ அழைப்பில் காட்டினாள்.

பிரபாகரன் கண்ணாடியைக் கழற்றினார். "நீ கை வைக்கிறதுக்கு முன்னாடி எழுபது பச்சை. இப்போ பூஜ்யம். இதுக்குப் பேரு முன்னேற்றமா?"

"தப்பு டீபக்கர்ல சார். முன்னாடி எப்பவாச்சும் தெரிஞ்சிது. இப்ப எப்பவுமே தெரியுது."

"அதான்மா பிரச்சினையே."

நாலு ஐம்பதுக்கு மின்னஞ்சல் வந்தது. பதினேழாம் எண் சோதனை பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. மீதமுள்ள அனைத்தும் பச்சை. சிவப்பை வேரோடு களைய உதவிய கலைவாணிக்குப் பணி நிரந்தரம். வாழ்த்துகள்.

சிரிப்பதா என்று தெரியாமல் இறங்கி வந்தாள்.

"வேல இன்னா ஆச்சி?"

"நின்னுச்சும்மா."

ஜெயம்மா நெஞ்சில் கை வைத்தாள். "போச்சா?"

"ஐயோ, நெலச்சி நின்னுச்சு. சோதனதான் நின்னு போச்சி."

ஜெயம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். "அப்ப ஓடிக்கினு இருந்துச்சே ஒண்ணு, அது?"

"அது ஓடிக்கினுதாம்மா இருக்குது."