துடைத்தும் ஈரம்

ரோகிணி துணியைத் திரியாக முறுக்கிக் கடைசி ஓட்டைக்குள் விட்டுத் திருகினாள். வெளியே எடுத்தபோது நுனி ஈரமாக இருந்தது. மறுநுனியை விட்டாள். அதுவும் ஈரம். மற்ற ஓட்டைகள் எல்லாம் காய்ந்துதான் இருந்தன. ஒவ்வொன்றின் வாயையும் அவளே உப்புத்தாளால் தேய்த்து, சின்னக் கிண்ணம் போல அகலப்படுத்தி, தூசி தட்டி வைத்திருந்தாள்.

ஃபைபர் படகின் மூக்கில் ஒரே வரிசையில் ஸ்க்ரூ அடித்துக் கழற்றிய ஓட்டைகள். என்ன மாட்டியிருப்பார்கள் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பழைய ஓனரு பொண்டாட்டி பேரு போட்ட போர்டா இருக்கும். சண்டை வந்ததும் கழட்டிட்டான்" என்றான் அண்ணன் ரஞ்சித்குமார். பிளாஸ்டிக் கப்பில் ரெசினோடு ஹார்ட்னரை விட்டுக் கலக்கியபடி படகைச் சுற்றி வந்தான். "தள்ளு. இது கட்டியாவறதுக்குள்ள அடைச்சிட்டு மேல ஃபைபர் மேட்டுத் துணி ஒட்டணும்."

ரோகிணி தள்ளவில்லை. உள்ளங்கையால் ஓட்டையை மூடிக்கொண்டாள்.

"இதுல தண்ணி வருதுண்ணா."

"தொடைச்சிட்டு வுடு."

"தொடைச்சிக்கினேதான் கீறேன். வந்துகினே கீது."

வாங்கியதிலிருந்தே இந்தப் படகு மூக்கைத் தூக்க மறுத்தது. முந்தாநாள் கரையலையைத் தாண்டும்போது அலைமேல் ஏறாமல் அதற்குள்ளேயே புகுந்து ரஞ்சித்தைத் தூக்கி எறிந்தது. அவன் தோளில் காயம் இன்னும் கறுத்துக் கிடந்தது. நாளை விடியலில் இதே படகில்தான் மறுபடி போகப்போகிறான். மூக்குக்குள் தெர்மாகோல் அடைத்து மூடிய அறை ஒன்று உண்டு. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் காப்பது அதுதான். அதற்குள் தண்ணீர் நின்றால் மூக்கு கனக்கும்; அடைக்கும் ஒவ்வொரு ஓட்டையும் அதை உள்ளே பூட்டிவைக்கும்.

இதையெல்லாம் வரிசையாகச் சொல்ல ரோகிணிக்கு வரவில்லை. "வெளிய போகட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

கப்பிலிருந்து லேசாக ஆவி வந்தது. ரஞ்சித் குச்சியை இழுத்துப் பார்த்தான். கப்பும் சேர்ந்து வந்தது.

"போச்சு! பி.எஸ்சி. படிச்சி இன்னா புண்ணியம், ஒரு கப்பு ரெசின நாஸ்தி பண்ணிட்ட." கப்பை மணலில் வீசினான். ஆனால் அவனே முதலில் மண்டியிட்டு மூக்கின் அடியில் மணலைப் பறித்தான். மூக்கு மெல்லத் தாழ்ந்தது. கடைசி ஓட்டையில் ஒரு துளி திரண்டு, நின்று, விழுந்தது. பிறகு இன்னொன்று.

டீ கொண்டுவந்த அம்மா சகுந்தலா எட்டிப் பார்த்தாள். "இன்னாடா, போட்டுக்கு சளி புடிச்சிருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. துளி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ரோகிணியின் கவனம் இருந்தது. கடல் தண்ணீர் என்றால் அடியில் எங்கோ விரிசல். அப்படியானால் படகு இறங்கவே கூடாது. ஆனால் விற்றவர் போன மழைக்காலம் முழுக்க இதைத் தென்னந்தோப்பில் திறந்தே போட்டு வைத்திருந்தார். மழைத் தண்ணீர் என்றால் அடி நன்றாக இருக்கிறது, மேல்தளத்தில்தான் எங்கோ தண்ணீர் இறங்கும் வழி.

விரலில் ஒரு துளியை ஏந்தி நாக்கில் வைத்தாள்.

"ஏய்! கர்மம், அதப் போயி..." என்றாள் சகுந்தலா.

தேய்த்த ரெசின் தூள் கசந்தது. வேறொன்றும் தெரியவில்லை. துப்பிவிட்டு, கொஞ்ச நேரம் ஒழுகவிட்டு, மறுபடி ஒரு துளி.

"உப்பு இல்லண்ணா."

ரஞ்சித் நம்பாமல் தானும் நக்கிப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். கடலைப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான். "மச்சான், நாளைக்கு வரல. போட்டுக்கு சளி... நெசமாதான்டா. வை."

வாளியில் கடல் தண்ணீரை மொண்டு மேலே ஏறினான். தளமும் சுவரும் சேரும் மூட்டில் ஓரமாக ஊற்றினான். உப்புத் தண்ணீர் வழி கண்டுபிடித்து உள்ளே இறங்கினால், கீழே துளி உப்புக் கரிக்கும்.

"இப்போ?" என்றான் மேலிருந்து.

ரோகிணி அடுத்த துளி திரளும்வரை காத்திருந்தாள். நாக்கில் வைத்தாள்.

"இன்னும் மழதான். கொஞ்சம் தள்ளி ஊத்து."

மேலே வாளி நகரும் சத்தம் கேட்டது. ஓட்டையின் உதட்டில் இன்னொரு துளி வெயிலை வாங்கிக்கொண்டு பெரிதாகிக்கொண்டிருந்தது. அவள் விரலை நீட்டினாள்.