கறுப்பு அடையாளத்தில் வெட்டிய கயிறு

கற்பிட்டியில் நாய்க்கு எறிய ஒரு கல் வேண்டுமென்றாலும் லொறிக்காரனிடம்தான் சொல்லி வைக்க வேண்டும். எங்கே தோண்டினாலும் மணல், மணலுக்குக் கீழேயும் மணல். அப்படிப்பட்ட ஊருக்கு, பாறை ஏறுவதே உயிரென்று கிடந்த யதுர்சிகா தன் விருப்பத்தோடுதான் வந்தாள். கண்டி வங்கிக் கிளையிலிருந்து இங்கே மாற்றம் கேட்டபோது முகாமையாளர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கற்பிட்டியிலிருந்து வெளியே வரத்தானாம் ஆட்கள் அவருடைய காலைப் பிடிப்பார்கள்.

எல்லாம் புருஷன் றொபிக்காக. கல்யாணத்துக்கு முன்பு அவன் மலைநாட்டில் சுற்றுலாப் பயணிகளைப் பாறை ஏற்றும் ஒரு நிறுவனத்தில் இருந்தான். ஏறுகிறவரின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுபக்கத்தைக் கீழே நிற்கும் ஒருவர் பிடித்திருப்பார். மேலே கை வழுக்கினால் அந்த ஆள்தான் தெய்வம். ஹந்தானைப் பாறைகளில் யதுர்சிகா எத்தனையோ தரம் விழுந்திருக்கிறாள், ஒருமுறைகூட றொபியின் கை தளர்ந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழலாம் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லி, அந்தக் கையையே கல்யாணமும் கட்டிக்கொண்டாள்.

பிறகு அவனுக்கு, கற்பிட்டிக்குப் பக்கத்தில் சொந்த ஊரான கண்டக்குழியில், காற்றாடி கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களின் விடுதியொன்றில் வேலை கிடைத்தது. போவோம் என்றான். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: மாதத்தில் ஒரு ஞாயிறு குருநாகல் பாறைக்குப் போக வேண்டும். அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். தலையும் அவளுடையதாகப் போயிற்று, அவனுக்கென்ன நட்டம்.

முதல் மாதம் வீடு மாறிய அலுப்பு. அடுத்த மாதம் விடுதியில் ஆட்கள் நிறைந்து வழிந்தார்கள். அதற்கடுத்து மழை, பிறகு யாருடையதோ ஞானஸ்நானம். யதுர்சிகா பொறுத்தாள். ஊரிலிருந்த டச்சுக் கோட்டையின் சுவரை ஆசையோடு அண்ணாந்து பார்த்துவிட்டு, வாசலில் நின்ற காவலைக் கண்டு பேசாமல் திரும்பினாள். விரல் பலம் போய்விடக் கூடாதென்று விடியற்காலையில் கதவு நிலையைப் பிடித்துத் தொங்கினாள். வீட்டுச் சொந்தக்காரர் சாஹுல் ஹமீது நானா ஒருநாள் அதைக் கண்டுவிட்டு, வீட்டில் எல்லாரும் சுகம்தானா என்று றொபியிடம் மெல்ல விசாரித்தாராம். அதைச் சொல்லி அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

அலுமாரியின் அடித்தட்டில் துணிப்பைக்குள் அவளுடைய செம்மஞ்சள் கயிறு இருந்தது. முதலில் அடிக்கடி எடுத்துப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க நோகிறதென்று பிறகு மாதக்கணக்காக அந்தத் தட்டுப் பக்கமே போகவில்லை. ஏறுகிறவர்களின் கயிறு கடைக் கயிறு போன்றதல்ல. விழுகிறவரின் பாரத்தை வாங்கி, கொஞ்சம் இழுபட்டுக் கொடுத்து, உடம்பைக் காக்கும். அதில் மணல் ஏறினால் உள்ளிழை அறும், உப்பும் பெற்றோலும் பட்டால் கேட்கவே வேண்டாம். அதை மிதிக்கிறவனுக்கு நல்ல பேச்சு விழும். ஹந்தானையில் புதிதாக வந்த ஒருவன் சப்பாத்தோடு மிதித்தபோது தொண்டை கிழியக் கத்தியவனே றொபிதான்.

ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கண்டக்குழியில் றொபியின் தாய் தகப்பன் வீட்டுக்குப் போனார்கள். மாமா பஸ்தியானின் படகு அப்போதுதான் கரைக்கு வந்திருந்தது. அங்கே படகு இழுப்பதற்கு ஆள் கூப்பிடுவதில்லை, கண்டவர் கையைப் போட வேண்டும். மருமகளும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் கை சொன்னது, இந்தக் கயிறு இழுபடுகிறதென்று. குனிந்து பார்த்தாள். மணலும் எண்ணெயும் பூசிக்கிடந்த அந்த அழுக்குக்கு அடியில் செம்மஞ்சள் தெரிந்தது.

யதுர்சிகா கயிற்றைக் கீழே போட்டாள். இது எங்கிருந்து வந்தது என்று மாமாவிடம் கேட்டாள்.

பஸ்தியான் கள்ளம் கபடமில்லாத மனிதர். முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னார்: “றொபிதான் தந்தவன் மகள். நீங்க ஏறுறதை விட்டுட்டீங்களாமே. சும்மா கிடந்து பழுதாகாம படகுக்கு உதவட்டும் எண்டான். நடுவில கறுப்பு அடையாளம் ஒண்டு இருக்கு, அதில வெட்டினா ரெண்டும் சரிபாதி எண்டும் அவன்தான் காட்டித் தந்தவன். மற்றப் பாதி நங்கூரத்தில கிடக்கு.”

கயிற்றின் நடுவைக் கண்டுபிடிக்க ஏறுகிறவர்கள் போட்டுவைக்கிற அடையாளம் அது. அதைப் போட்டவள் அவள். வெட்டிய முனை பிரியாமல் மாமா நெருப்பில் சுட்டு எவ்வளவு பக்குவமாக உருட்டியிருந்தார் என்பதையும் கண்டாள். அந்த மனிதரில் கோபிக்க என்ன இருக்கிறது? அவருக்குக் கயிறென்றால் கயிறு. தெரிந்த ஒருவன் இருக்கிறானே! கயிற்றை மிதித்ததற்கே கத்தியவன், கத்தி வைக்க இடம் காட்டியிருக்கிறான். இனி அவள் ஏறப்போவதில்லை என்று அவளுக்கே தெரியாமல் முடிவெடுத்து, அதை ஊருக்கும் சொல்லி முடித்திருக்கிறான்.

றொபி படகின் மறுபக்கத்திலிருந்து தயங்கித் தயங்கி வந்தான்.

“நான் ஏறுறதை விட்டுட்டன் எண்டு எப்ப உங்களிட்டச் சொன்னனான்?”

“இஞ்ச கல்லே இல்லையே யதுர்சி. நீ அதை எடுத்து எடுத்துப் பார்த்து மனம் நொந்துகொண்டிருந்தாய். கண்ணில படாட்டி மெல்ல மறந்துபோகும் எண்டுதான்…”

அவன் குரலில் இருந்த அந்தக் கரிசனைதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. களவெடுத்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். இவன் அவளுக்கு நல்லது செய்தானாம்.

“கல் இல்லை எண்டு தெரிஞ்சுதான் வந்தனான். நீங்க கூட்டிக்கொண்டு போவீங்க எண்டு நம்பி வந்தனான்.”

விஷயம் விளங்கியதும் பஸ்தியானுக்கு முகம் கறுத்துப்போனது. பெண்சாதியின் பொருளை எடுத்ததுமில்லாமல் தகப்பனுக்கும் பொய் சொன்னாயா என்று மகனைப் பிடித்து உலுக்கினார். உடனே புதுக்கயிறு ஒன்று வாங்கிக் கொடு என்றார். றொபியின் முகத்தில் உயிர் வந்தது. கொழும்புக்கே போய் இதைவிடத் திறமானதாக வாங்கி வருவதாகவும், வாற ஞாயிறே குருநாகலுக்குப் போவோம் என்றும் அவசர அவசரமாகச் சொன்னான். மாமி மார்த்தா, அப்பாடா, சண்டை முடிந்தது, வாங்கோ சாப்பிட என்று எல்லாரையும் கூப்பிட்டாள். சோறும் ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

யதுர்சிகா அசையவில்லை. வெட்டிய கயிற்றின் முனையைக் கையில் எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டு மாமாவிடமே கொடுத்தாள். படகுக்கு நல்லது, வைத்துக்கொள்ளுங்கள் என்று அவருக்கு மட்டும் மரியாதையாகச் சொன்னாள். பிறகு றொபியைப் பார்த்தாள்.

“கயிறு நான் வாங்குவன். வாற ஞாயிறு குருநாகலுக்கும் போவன். என்னோட ஏறின பிள்ளையள் கண்டியில இருந்து வருங்கள். நீங்களும் வாறதெண்டா வாங்கோ, சாப்பாட்டுப் பையைத் தூக்குங்கோ. ஆனா இனிமேல் என்ரை கயிற்றை நீங்க பிடிக்கிறேல்லை.”

இவ்வளவுதானா என்று மார்த்தா சிரித்தேவிட்டாள். கரையில் நின்றவர்களும் கூடச் சிரித்தார்கள். கயிறு பிடிக்கிற வேலை குறைந்ததற்கு ஒரு மனிதன் சந்தோஷமல்லவா பட வேண்டும் என்று ஒருவர் பகிடி விட்டார். றொபி சிரிக்கவில்லை. அப்படியே ஈர மணலில் குந்திவிட்டான்.