முப்பது கிலோ ஈயம்

கார் பந்தய கிளப்பில் எடை பார்ப்பவரை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். வார நாட்களில் லாரி எடைமேடையில் வேலை; விடுமுறை நாளில் இங்கேயும் அதே வேலை, அதுவும் சம்பளமில்லாமல். அவருடைய தம்பிக்குப் பூசணி என்று பட்டப்பெயர். ஏன் என்று யாரும் கேட்கத் தேவையில்லாத உடம்பு. டயர் கடை வைத்திருந்தான். கையில் மிஞ்சியதையெல்லாம் ஒரு பழைய சின்னக் காரில் கொட்டினான்.

முன்பெல்லாம் காரை மட்டும்தான் எடை போடுவார்கள். அதனால் ஒல்லிக்குச்சியான பல் டாக்டர் முன்னால் பறப்பார். பூசணி கடைசியில் உருண்டு வருவான். "இது என்னய்யா நியாயம்? ஓட்டுறவன் உடம்பையும் சேர்த்துத்தானே எஞ்சின் இழுக்குது?" என்று தராசு கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை வறளக் கத்தி, ஒருவழியாக விதியை மாற்றிவிட்டார். இனி ஆளும் காரும் சேர்ந்தே எடை. விதித்த எடைக்குக் குறைந்தால், எடை பார்ப்பவரிடம் காரணம் சொல்லி ஈயத் தகடு பூட்டிக்கொள்ள வேண்டும். பூசணி காரில் வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்து சரியான எடைக்குக் கொண்டுவந்தான். டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே ஈயம் சுமந்தார்.

"தம்பிக்காகச் சட்டத்தையே மாத்திட்டாருப்பா" என்று டாக்டர் நாலு பேர் முன்னால் சொன்னது தராசுக்குச் சுருக்கென்று தைத்தது. சீசன் முடியும்வரை எந்தப் போட்டியாளர் வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தார். தம்பி வீடும் அதில் சேர்த்தி. நடுவில் பூசணி சில பந்தயங்களுக்கு வரவில்லை; கடையில் வேலை என்று சொல்லி அனுப்பினான்.

"கடையே பூட்டிக் கிடக்குதாம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"பூட்டிட்டு வண்டில ஏதோ கைவரிசை காட்டுறான். சீசன் முடியட்டும்" என்றுவிட்டார். பிடிவாதத்துக்கு நியாயம் என்று பெயர் வைத்துக்கொண்டவரை யார் அசைக்க முடியும்?

அடுத்த பந்தயத்துக்குப் பூசணி வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் காரை நேராக எடைத் தட்டுகளின் மேல் ஏற்றினான். தராசு எண்ணைப் பார்த்தார். முப்பது கிலோ குறைவு.

"இதுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றார் டாக்டர்.

தராசுக்கு முகம் சிவந்தது. "எதைடா கழட்டின?"

"ஒண்ணும் கழட்டலண்ணே."

"பொய் சொல்லாத! இத்தனை பேர் முன்னால என் மானத்த வாங்குறியே. இறங்குடா கீழ!"

பூசணி கதவைப் பிடித்து மெல்ல இறங்கினான். தராசு காரை மட்டும் எடை போட்டார். சீசன் தொடக்கத்தில் இருந்த எடை அவருக்கு மனப்பாடம். அதே எடைதான் இருந்தது. தட்டில்தான் கோளாறு என்று மறுபடியும் போட்டார். அதேதான்.

கார் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் குறைந்தது?

திரும்பிப் பார்த்தார். டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து பூசணி ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், யாரோ ஒருவன் போல இருந்தான். பந்தய உடுப்புக்குள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டிருந்தான்.

"என்னடா இது?"

"வயித்துல கட்டிண்ணே. அடுத்த வாரம் ஆஸ்பத்திரில சேரச் சொல்லிருக்காங்க. திரும்பி வருவேன்னு யாரும் அடிச்சுச் சொல்லல."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடா?"

"நீதான் வீட்டுப் பக்கமே வரலியே. ஈயம் கேட்டா ஏன்னு கேப்ப. சொன்னா ஓட்ட விடமாட்ட. உன் சட்டத்துல ஒரே ஒரு ரேஸாவது ஜெயிக்கணும்னு ஆசைண்ணே."

"தெம்பு இருக்காடா?"

"உக்காந்துக்கிட்டுதானே ஓட்டப் போறேன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் பழைய பூசணியுடையது.

டாக்டர் போய், தன்னிடம் உபரியாக இருந்த ஈயத் தகடுகளைக் கொண்டுவந்து தராசின் காலடியில் வைத்தார். யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

எடை பார்ப்பவர் போட்டிக் காரைத் தொடக்கூடாது. தராசு அதுவரை தொட்டதும் இல்லை. இன்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்குள் குனிந்து, தகடுகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார். மொத்தம் முப்பது கிலோ. பள்ளிக்கூடத்துக்கு முதுகில் சுமந்து போன தம்பி இவ்வளவுதான் இருந்திருப்பான். கண்ணீர் வழிந்து ஸ்பேனர் வழுக்கியது. குறுக்கே நின்று தடுத்துவிடலாம். ஆனால் பந்தயத்தைத் தவிர அவன் எதைக் கேட்டான்?

பூசணி ஏறி உட்கார்ந்தான். எண் வந்து நின்றது.

"எடை சரி" என்றார் தராசு. குரல் எழும்பவில்லை.

"சத்தமாச் சொல்லுண்ணே. எல்லாருக்கும் கேக்கணும்."

"எடை சரி!" என்று கத்தினார். பிறகு ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்டா" என்றார்.

"சீசன் இன்னும் முடியலியேண்ணே" என்று கேலியாகச் சொல்லிவிட்டு, பூசணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காரைக் கிளப்பினான்.

"சீசன் கிடக்குதுடா" என்று தராசு சொன்னது எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.